வீட்டில் தண்ணீர் ஒழுகினால்: வட சென்னையில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

பெரம்பூரில் கைமாறி வந்த ஃபிளாட், பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து வீடு, மாதவரத்தில் கட்டி முடித்த தனி வீடு, எதுவானாலும் சரி. சாவி கைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே சுவரில் ஓர் ஈரத் திட்டு எட்டிப் பார்க்கும். ஆள் கூப்பிடுவோம். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உடைச்சாதான் சார் தெரியும்" என்பார். காசு கரையத் தொடங்குவது அந்த இடத்தில்தான். பெரும்பாலான கசிவுகளை உடைக்காமலே கண்டுபிடித்துவிடலாம். சில ராத்திரிகளும் ஒரு சாக்பீஸும் கொஞ்சம் பொறுமையும் போதும். என்ன செய்வது, எந்த வரிசையில், என்ன செலவு, எந்தக் காகிதம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

1. ஒழுகாத நாளிலேயே செய்து வைக்க வேண்டியவை

வீட்டுக்குள் தண்ணீர் வரும் பாதையை ஒருமுறை நடந்தே தொடர்ந்து பாருங்கள். தெருவிலிருந்து மெட்ரோ வாட்டர் லைன் சம்புக்கு, அதாவது தரைக்குக் கீழே உள்ள தொட்டிக்கு, வரும். சம்பிலிருந்து மோட்டார் மாடி டேங்குக்கு ஏற்றும். டேங்கிலிருந்து இரண்டோ மூன்றோ லைன் கீழே இறங்கும்: சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, சில வீடுகளில் ஃப்ளஷுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மாடியில் ஒரு வால்வு இருக்க வேண்டும். எது எதற்கு என்று பெயின்ட்டால் பைப் மேலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பா உட்பட, அந்த வால்வை ஒருமுறை மூடித் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்றில் கிடக்கும் பழைய கேட் வால்வு, அதாவது வட்டச் சக்கரம் வைத்தது, சில வருடம் திருகாமல் விட்டால் இறுகிப்போகும். அவசரத்தில் பலம் போட்டால் உள்ளே ஸ்பிண்டில் ஒடியும். சக்கரம் சுற்றும், தண்ணீர் நிற்காது. அப்படிப்பட்ட வால்வை இப்போதே கழற்றிவிட்டு, கால் திருப்பில், அதாவது கால் சுற்றிலேயே, மூடும் கைப்பிடி வைத்த பால் வால்வு போடுங்கள். சிபிவிசி, அதாவது வெளிர் மஞ்சள் பிளாஸ்டிக், வால்வு சில நூறு ரூபாய்தான். போட்ட பிறகும் மாதம் ஒருமுறை மூடித் திறங்கள்.

ஒரு டப்பாவில் இவை இருக்கட்டும்: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் எண்ட் பிளக் இரண்டிரண்டு, டெஃப்லான் டேப் இரண்டு, முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப் ஒரு மீட்டர், அதற்குக் கப்ளிங் நான்கு, சிபிவிசிக்கான சால்வென்ட் சின்ன டின், எம்-சீல், ஹேக்ஸா பிளேடு, பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம், ஹோஸ் கிளாம்ப் இரண்டு, டார்ச். 12 இஞ்ச் பைப் ரெஞ்ச் ஒன்று வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும். எல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். மொத்தமாக வால்வு, ஃபிட்டிங் வாங்க மண்ணடி செம்புதாஸ் தெருவுக்குப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய் ஏமாறாதீர்கள்.

2. பைப் உடைந்துவிட்டது: முதல் பத்து நிமிடம்

முதலில் கரண்ட், அப்புறம் தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சுவிட்ச் போர்டு, மோட்டார், ஃப்ரிட்ஜ் பக்கம் தண்ணீர் போயிருந்தால் காய்ந்த காலும் செருப்புமாக மெயினை இறக்குங்கள். பழைய வீடுகளில் மீட்டர் பெட்டியில் மெயின் சுவிட்சும் ஃபியூஸ் கட்டையும்தான் இருக்கும். மெயினை இறக்காமல் கட்டையைத் தொடக் கூடாது. மெயின் பெட்டியே நனைந்திருந்தால் கிட்டேயே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இல்லாத வீடாக இருந்தால், பைப் வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள். நனைந்த மோட்டாரைத் தொட்டு ஷாக் அடித்தால் உயிர் போகாமல் காப்பது அதுதான். ஓவர்லோடுக்கு விழும் சாதாரண எம்சிபி சுவிட்ச் காக்காது.

பிறகு மாடி வால்வை மூடி, கீழே இருக்கும் எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். லைனில் மிச்சம் நிற்கும் தண்ணீர் சுவரில் இறங்காமல் குழாய் வழியே போய்விடும்.

வால்வு இல்லை, அல்லது ஒடிந்துவிட்டது என்றால் டேங்க் மூடியைத் திறந்து உள்ளிருந்தே அடைக்கலாம். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் துணி வைத்து இறுக்கமான உருண்டையாகக் கட்டி, அவுட்லெட் வாயில் அழுத்துங்கள். தண்ணீரின் இழுப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். உருண்டையில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனி டேங்குக்கு வெளியே தொங்க வேண்டும். கயிறு இல்லாமல் போட்டால் துணி பைப்புக்குள் போய்ச் சிக்கும். அப்புறம் அது வேறு செலவு.

கண்ணுக்குத் தெரிகிற பைப்பில் விரிசல் என்றால் சைக்கிள் டியூபை இழுத்து இழுத்து ஏழெட்டுச் சுற்று சுற்றி, இரு பக்கமும் கிளாம்ப் முடுக்குங்கள். காலைவரை தாங்கும்.

துடைக்கும் முன் போட்டோ எடுங்கள். உடைந்த இடம், தண்ணீர் நின்ற உயரம், நனைந்த சாமான்கள், எல்லாம். உடைந்த பைப் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அதுவும் சாட்சி.

3. எங்கே ஒழுகுகிறது? உடைக்காமல் கண்டுபிடிப்பது

ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் அனேகமாக ஒன்றாக இருக்காது. மேல்மாடிக் குளியலறை மூலையில் கசிவது, தளத்துக்குள் நகர்ந்து, ஃபேன் கொக்கி வழியாகக் கூடத்தில் சொட்டும். எனவே முதல் கேள்வி "எங்கே ஈரம்" என்பதைவிட "எப்போது ஈரம்" என்பதுதான். ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரமா? மொட்டை மாடி, வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் சன்ஷேடு. மோட்டார் போட்ட பிறகா? ஏற்றும் லைன் அல்லது டேங்க் நிரம்பி வழிவது. தெருவில் தண்ணீர் விடும் நாளில் மட்டுமா? மீட்டரிலிருந்து சம்புவரை உள்ள லைன். எந்நேரமும் ஒரே மாதிரியா? டேங்கிலிருந்து இறங்கும் லைன். அதில்தான் எப்போதும் அழுத்தம் நிற்கும். குளித்த பின் இரண்டு மூன்று மணி நேரத்தில் அதிகமாகிறதா? பைப் அல்ல, கழிவு நீர் போகும் பக்கம், அதாவது தரை, நஹானி டிராப் (தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி வாய்), அவுட்லெட். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சுவர் பொரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? நிலத்தடி ஈரம் மேலே ஏறுகிறது, குழாய்க்குச் சம்பந்தமில்லை. ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் ஈரமா? ஏசி டிரெயின் பைப்பைச் சுவருக்குள் விட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஜாயின்ட் விட்டிருக்கும்.

இதைக் குறித்த பிறகு சோதனைக்கு வாருங்கள்.

டேங்க் சோதனை: இரவு எல்லோரும் படுத்த பின் டேங்குக்குள் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, எல்லா வால்வையும் மூடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் டேங்கோ வால்வோ கசிகிறது. இறங்கவில்லையா? அடுத்த இரவு ஒரே ஒரு வால்வை மட்டும் திறந்து வைத்து, அந்த லைனில் யாரும் தண்ணீர் எடுக்காமல் பாருங்கள். எந்த வால்வு திறந்த இரவில் மட்டம் இறங்கியதோ, அந்த லைனில்தான் கசிவு. மூன்றரை அடி அகலமுள்ள ஆயிரம் லிட்டர் வட்ட டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 9 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

ஃப்ளஷ் சோதனை: எந்த லைன் என்று தெரிந்ததும் உடனே சுவரைச் சந்தேகிக்காதீர்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரி கலரோ நீலமோ கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. டேங்கை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்யும் ரகசியக் கசிவு அநேக வீடுகளில் இதுதான். சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சம்பு சோதனை: தண்ணீர் விடாத நாளில் மோட்டார் போடாமல் ஒரு இரவு அதே சாக்பீஸ் கோடு. 6 அடிக்கு 5 அடி சம்பில் ஒரு இஞ்ச் இறங்கினால் 70 லிட்டர் போயிற்று. மட்டம் இறங்குவதைவிட மோசமானது மட்டம் ஏறுவது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் தெருக்களில், விரிசல் விட்ட சம்புக்குள் வெளி நீர் புகும். பக்கத்திலேயே சாக்கடை லைன் போனால் என்ன புகும் என்று சொல்லத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, தெருக் குழாய்த் தண்ணீரையும் சம்புத் தண்ணீரையும் அளந்து பாருங்கள். எண் பெரிதாக வேறுபட்டால் உள்ளே வேறு நீர் கலக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள்.

குளியலறைச் சோதனை: நஹானி டிராப்பைத் துணி உருண்டையால் அடைத்து, வாசலில் சிமென்ட் வரப்பு கட்டி, இரண்டு இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் கூடினால் தரை கசிகிறது. கூடவில்லை, ஆனால் அடைப்பை எடுத்துத் தண்ணீர் வெளியேறும்போது சொட்டுகிறது என்றால் டிராப்போ அதன் கீழ் உள்ள பைப்போதான். இந்த இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதனால்தான் ஒரு நாள் காத்திருக்கச் சொல்கிறோம். பிளம்பர் அவசரப்படுத்தினால், "அண்ணே, டெஸ்ட் முடியட்டும், நாளைக்கு உடைக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. சின்ன வேலைகள்: நீங்களே செய்யலாம்

சிபிவிசி பைப், அந்த வெளிர் மஞ்சள் நிறப் பைப், விரிசல் விட்டால் ஒட்டுப்போட முடியாது. வெட்டி மாற்ற வேண்டும். விரிசலுக்கு இரு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிர்விரிசல் அங்கேயும் ஓடியிருக்கும். வெட்டு நேராக இருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பைப் முனையிலும் கப்ளிங்கின் உட்புறத்திலும் சால்வென்ட் தடவி, உள்ளே தள்ளும்போது கால் திருப்புத் திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். விட்டால் பைப் தானாகப் பின்னால் வரும்.

இந்த வேலை கெட்டுப்போவது மூன்று காரணங்களால். வெட்டிய பைப்பிலிருந்து சொட்டுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது ஒட்டுவது முதலாவது. ஈரத்தில் சால்வென்ட் பிடிக்காது. லைனை முழுக்க வடியவிட்ட பிறகே கை வையுங்கள். இரண்டாவது, வெள்ளை யுபிவிசிக்கான பசையைச் சிபிவிசிக்குப் போடுவது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுப்பார். டின்னில் சிபிவிசி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது அவசரம். சாயங்காலம் ஒட்டிவிட்டு, காலையில் வால்வைத் திறப்பதே பத்திரம். சுவரில் இறுகிய பைப்பை இழுத்துக் கப்ளிங் மாட்ட முடியாத இடத்தில் யூனியன் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை வெட்டாமலே கழற்றலாம்.

திருகு உள்ள இடத்தில் டெஃப்லான் டேப்பை மரை திரும்பும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். பித்தளைக் குழாயைப் பிளாஸ்டிக் மரையில் முடுக்கும்போது கையால் இறுக்கி, ரெஞ்சால் ஒரு சுற்றோ ஒன்றரையோ, அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம்" என்று முடுக்கினால் சுவருக்குள் இருக்கும் எல்போ பிளக்கும். அது இன்று ஒழுகாது. பத்து நாள் கழித்து ஒழுகும்.

எம்-சீல் டேங்க் மூலையிலும் கழிவுக் குழாயிலும் நிற்கும். இரண்டு களிம்பையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும், ஒட்டும் இடம் சொட்டில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அழுத்தம் உள்ள லைனில் அது தற்காலிக வேலைதான்.

சொட்டும் குழாயில் ஒரு குவளை வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு லிட்டர் நிரம்பினால் நாளைக்கு 24 லிட்டர் போகிறது. பழைய குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். கால் திருப்புக் குழாய்க்கு உள்ளே ஸ்பிண்டில் மாற்ற வேண்டும். போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் ஸ்பிண்டில், ஷவர், ஆங்கிள் காக் எல்லாவற்றிலும் உப்புப் படியும். கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

சுவருக்குள் இரும்புப் பைப் ஓடும் பழைய வீடு என்றால் மேலே சொன்ன எதுவும் நெடுநாள் உதவாது. மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர்வரை கடல் நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி இது. உவர் நீர் ஓடிய ஜிஐ பைப் உள்ளிருந்தே அரிக்கும். ஓர் இடத்தில் மாற்றினால் அந்தத் தட்டலிலேயே இன்னோர் இடத்தில் விடும். பழைய லைனை அப்படியே கைவிட்டு, வெளிச்சுவரில் புது லைன் ஓட்டுவது மலிவு. பார்க்க அழகில்லை என்பார்கள். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும் என்பதே அதன் அழகு.

5. கீழ்வீட்டுக்குக் கசிந்தால்

கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினால் முதலில் இறங்கிப் போய்ப் பாருங்கள். அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, அன்றைக்கே குளியலறைச் சோதனை வைக்கும் தேதியைச் சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

டைல்ஸ் இடுக்கு மட்டும் போயிருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்து எப்பாக்ஸி கிரவுட் அடைக்கலாம், ஒரு நாள் வேலை. தரையே கசிந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது வரிசை இதுதான்: டைல்ஸும் நிரப்பு மண்ணும் எடுத்து தளம்வரை போவது, டிராப், பைப் மாற்றிச் சுற்றிலும் நிரப்புவது, வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் குறைந்தது ஒரு அடி ஏற்றி, காய்ந்த பின் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துவது, அதில் தேறினால் மட்டும் டைல்ஸ். சிமென்ட் கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்ற அளவில் எல்டபிள்யூ பிளஸ் என்ற வாட்டர்புரூஃபிங் திரவம் ஊற்றுவார்கள். அது கலவைக்குத் துணை மட்டுமே, கோட்டிங்குக்கு மாற்று அல்ல. "எல்டபிள்யூ போட்டாச்சு, கோட்டிங் எதுக்கு" என்று கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து பத்து நாள் ஆகும். நான்கு நாளில் முடிக்கிறேன் என்றால் தண்ணீர் நிறுத்தும் சோதனையைத்தான் விழுங்கப் போகிறார்.

யார் செலவு? உங்கள் குளியலறைத் தரையும் அதன் குழாயும் உங்கள் பொறுப்பு. எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் ஷாஃப்ட் குழாயும் மொட்டை மாடியும் ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு. புது ஃபிளாட்டாக இருந்தால் பில்டரை விட்டுவிடாதீர்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் கணக்கில் வராது. போட்டோவுடன் மின்னஞ்சலும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் தேதிதான் இங்கே உயிர்; அதைப் பத்திரமாக வையுங்கள்.

வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை குழாய் வாஷர், சிங்க், டிரெயின் அடைப்பு போன்றவற்றை வாடகைதாரர் தலையிலும், பைப் லைன் மாற்றுவது, கட்டிடப் பழுது, வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் தலையிலும் வைக்கிறது.

6. மொட்டை மாடி, உப்பு, துருக் கம்பி

மாடி வேலைக்குக் காலம் பங்குனி முதல் ஆனிவரை. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை கோட்டிங்கைக் கெடுக்கும். ஐப்பசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவதால் கூலியும் ஏறும், ஆளும் கிடைக்காது.

முதலில் மழைநீர்க் குழாய் வாயைப் பாருங்கள். இலை அடைத்துத் தண்ணீர் நிற்பதே பாதி மாடிகளின் பிரச்சினை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை அடுத்தது. அங்கே விரிசலை வி வடிவில் வெட்டி அடைத்து, மூலையைச் சரிவாகப் பூசாமல் வெறும் பெயின்ட் அடித்தால் ஒரு வெயில் காலத்தில் உரிந்துவிடும்.

ராயபுரம், சவுகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அதன் மேல் கான்கிரீட்டோ கனமான டைல்ஸோ போடச் சொல்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். எடை தாங்காது, சுவருக்குள் செருகிய மரத்தின் முனை ஈரத்தில் மக்கியிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. ஒரு கட்டிடப் பொறியாளர் மர முனைகளைக் குத்திப் பார்க்காமல் அங்கே எந்த வேலையும் வேண்டாம்.

மேற்கூரைப் பூச்சு உப்பி விழுந்து கம்பி தெரிந்தால், அதன் மேல் நேராகச் சிமென்ட் பூசுவது இந்த ஊரில் அதிகம் நடக்கும் தவறு. உள்ளே துரு வளர்ந்து இரண்டு வருடத்தில் மறுபடி தள்ளும். தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை சுரண்டி, வயர் பிரஷால் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப் பூச்சு, பாலிமர் கலவை என்று போக வேண்டும். கம்பி பென்சில் முனைபோல் மெலிந்திருந்தால் பூச்சு வேலையே இல்லை, பொறியாளர் வேலை.

இன்னொன்று முக்கியம்: கலவைக்கும் தண்ணீர் அடிப்பதற்கும் போர் தண்ணீர் எடுக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கடற்கரையோரப் போர் பலவும் அதைத் தாண்டும். உப்புத் தண்ணீரில் பூசிய சுவரில் பெயின்ட் நிற்காது. இரண்டு டிரம் மெட்ரோ தண்ணீர் முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

7. தெருப் பக்கம்

தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தாலும், குடிநீரில் சாக்கடை வாடை வந்தாலும், பாதாளச் சாக்கடை பொங்கினாலும் மெட்ரோ வாட்டர்தான். 1916 அல்லது 044-4567 4567, இரண்டும் 24 மணி நேரமும் எடுக்கும். மழைநீர் வடிகாலும் ரோடும் மாநகராட்சி, 1913. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பில்லில் இருக்கும் இணைப்பு எண்ணும் டிவிஷன் எண்ணும் கையில் இருந்தால் ஐந்து நிமிடம் மிச்சம். வட சென்னைப் பகுதி, சென்னை மாநகராட்சியின் ஆறு மண்டலங்களில் வருகிறது: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. உங்கள் தெரு எதில் என்று தெரிந்து வையுங்கள். எல்லைத் தெருக்களில் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும்.

மெட்ரோ வாட்டர் லைனில் நேரடியாக மோட்டார் மாட்டாதீர்கள். சட்டப்படி தவறு, மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிட, மோட்டார் உறிஞ்சும்போது தெருக் குழாயின் ஓட்டை ஜாயின்ட் வழியாகச் சுற்றியிருக்கும் சாக்கடை நீரும் உள்ளே வரும். தெருவில் நாலு பேர் மாட்டியிருந்தால் மாட்டாதவர் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

வாடைத் தண்ணீர் வந்து போன பின் சம்பை இறைத்துக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து நிரப்பி, சில மணி நேரம் விட்டு, குழாய்களையும் திறந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். சம்புக்குள் ஆள் இறங்குமுன் மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள், மேலே ஒருவர் நிற்க வேண்டும். செப்டிக் டேங்கிலோ சாக்கடைக் குழியிலோ ஆளை இறக்கவே கூடாது. அது, கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இறங்குபவர் உயிருக்கும் உலை. கழிவு உறிஞ்சும் லாரிக்கு 14420 இருக்கிறது.

ரோடு போட்டுப் போட்டு உயர்ந்த தெருக்களில் சம்பு மூடி ரோட்டுக்குக் கீழே போயிருக்கும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போல வெள்ளம் நிற்கும் இடங்களில் மூடியின் வாயைச் செங்கல் கட்டி ஒன்றரை அடி உயர்த்துவது சில ஆயிரம் ரூபாயில், ஒரே நாளில் முடியும் வேலை. மழைக்கு முன் வேறெதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தெருவைத் தோண்டும் இணைப்பு வேலைக்கு மாநகராட்சி அனுமதி வேண்டும். பருவமழைக் காலத்தில் ரோடு வெட்டத் தடை போடுவது வழக்கம், எனவே விண்ணப்பத்தை ஆடிக்குள் போட்டுவிடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906க்குப் போன் போடுங்கள்.

8. கூலி, காகிதம், இன்சூரன்ஸ்

வந்து பார்த்துச் சின்ன வேலை செய்ய 300 முதல் 500 ரூபாய், முழுநாள் கூலி ஆயிரத்தை ஒட்டி என்பது ஏறக்குறைய நடப்பு. ராத்திரி, ஞாயிறு என்றால் கூடும். பெரிய வேலைக்கு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை கோட், என்ன பொருள், சோதனை எத்தனை மணி நேரம், இடிபாட்டை அள்ளுவது யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கைச் சோதனை முடிந்த பின் கொடுங்கள். மாடி வேலைக்கு முதல் கனமழை முடிந்த பின். சுவரை மூடும் முன் பைப் போன பாதையை டேப் வைத்துப் போட்டோ எடுங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்காதவர்கள் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பொதுப் பாலிசி இது. தீ, புயல், வெள்ளத்தோடு, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்து அல்லது நிரம்பி வழிந்து வரும் சேதத்தையும் ஏற்கும். கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். நிலத்தின் விலையைச் சேர்த்துப் பாலிசி எடுப்பது வீண். மறுபடி கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. மாதக் கணக்காகச் சொட்டிச் சொட்டி வந்த சேதத்துக்கும் தேய்மானத்துக்கும் பணம் வராது. "ரொம்ப நாளாவே ஈரம்தான்" என்று, சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயரிடம் பேச்சுவாக்கில் சொன்னாலும் அது அறிக்கையில் ஏறும். பொய் சொல்ல வேண்டாம். ஈரத்தைப் பார்த்த அன்றே சரிசெய்யுங்கள், அந்தப் பில்லை வையுங்கள்.

சேதம் நடந்தால் உடனே தகவல், 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம். சர்வேயர் பார்க்கும்வரை, மேலும் சேதமாகாமல் தடுக்கும் வேலை தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். கேட்கும் காகிதங்கள்: பாலிசி, பத்திர நகல், சொத்து வரி ரசீது, தேதியுள்ள போட்டோக்கள், பழுதுக்கான மதிப்பீடு, பிளம்பர் பில். சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு மூன்றும் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகலும் கடைசியாகக் கட்டிய ரசீதும் அடிப்படை. சொத்து வரியில் முதலில் மாற்றிக்கொண்டு, அந்த உத்தரவை வைத்து மற்ற இரண்டுக்கும் போவது சுலபம்.